தண்ணி டேங்க் வரைக்கும்

இருபத்திரண்டு என்கிறாள் அந்தப் பெண். லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள், நான் கை தட்டுவேன் என்பதுபோல. யார் ஓட்டிப் பார்த்தார்கள், எந்த ரோட்டில், உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வருகிறது, கேட்கவில்லை. கம்பெனி சொல்லும் மைலேஜும் நாங்கள் சொன்ன கூட்டமும் ஒரே ஜாதி. ஐயாயிரம் பேர் திரண்டனர் என்று நான் நோட்டீஸில் போடுவேன், எண்ணூறு என்று போலீஸ்காரன் எழுதிக்கொண்டு போவான், உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்று டீ குடித்துக்கொண்டிருக்கும். பூந்தமல்லி தாண்டி ஹைவே ஓரத்தில் இந்தப் பழைய கார் யார்டில், தகரக் கொட்டகைக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்திருக்கிறார்கள். எதிரே என் வாக்கர், நான்கு கால்களோடு, என்னைவிட நேராக நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் கார்கள், வரிசை வரிசையாக, ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் விலை அட்டை, முன்னால் நூலில் கோத்த எலுமிச்சையும் பச்சை மிளகாயும். ஊர் ஊராகப் போய் இதையெல்லாம் கேலி பேசினவன் எலுமிச்சம் பழங்களுக்கு நடுவே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருக்கிறேன். சித்திரை இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் இந்த வெயில். என் மகள் ஜென்னி ஒரு நீல வண்டிக்குள் குனிந்து பின்சீட்டைக் கையால் அமுக்கிப் பார்க்கிறாள். குனியும்போது இடது கை தானாக இடுப்புக்குப் போகிறது. சுடிதாருக்கு அடியில், முதுகு வலிக்கு டாக்டர் கட்டச் சொன்ன அந்த பெல்ட். விடிவதற்கு முன்னால் அவள் அதை இழுத்துக் கட்டுகிற சத்தம் என் கட்டில் வரைக்கும் கேட்கும். துணி கிழிகிற மாதிரி, பர்ரென்று. முதலில் ஒரு தடவை. சரியாக உட்காரவில்லை என்றால் பிரித்து மறுபடி. நான் தூங்குவதாக அவள் நினைத்துக்கொள்வாள். நானும் தூங்குகிறவன் மாதிரியே கிடப்பேன்.

தினம் அவள் திருவள்ளூரிலிருந்து கிண்டிக்கு. முதலில் ரயில், பிறகு பஸ், பிறகு ஆபீஸ் படிக்கட்டு. ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்குப் பண்டிகை. அவள் முதுகில் ஒரு தட்டு விலகியிருக்கிறது என்று டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அடுக்கின தட்டுகள் மாதிரிதான் இருந்தது. ஒன்று வேலையை விடணும், இல்லை போகிற விதத்தை மாற்றணும், இப்படியே இன்னும் ஒரு வருஷம் நின்றுகொண்டு போனால் கத்திதான் என்றான். ஆபீஸுக்குப் பக்கத்தில் வீடு பார் என்று யார் சொன்னாலும் அவள் சிரித்துவிடுவாள். எனக்காகத்தான். என்னைத் திருவள்ளூரை விட்டு நகர்த்த முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் அம்மா போன பிறகு அந்த வீடும் அந்தத் தெருவும்தான் எனக்கு ஊர், கட்சி, சங்கம் எல்லாம். கார் வாங்கலாமா என்று அவள் கேட்டபோது நான் எதுவும் சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம். கார் என்பது நாலு பேர் இடத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து போகிற திமிர் என்று நானே எழுதியிருக்கிறேன், சிவப்பு மையில், பஸ் கட்டண உயர்வுப் போராட்டத்தின்போது. நல்ல வாக்கியம். இப்போதும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது ஆறாவது வரைக்கும். மீதியெல்லாம் நோட்டீஸ். பஸ் ஸ்டாண்டில் கையில் திணித்துவிட்டுப் போவார்களே, அதைப் பொறுக்கி, மடித்து, எழுத்துக் கூட்டி வாசித்து, பிறகு நானே எழுதி, கடைசியில் என் நோட்டீஸை மற்றவன் பொறுக்கி மடித்து வைத்துக்கொள்கிற அளவுக்கு வந்தேன். இவண், பு. கோதண்டம், தலைவர். அந்தப் பெயர் அடியில் இருந்தால் ஷிஃப்ட் முடிந்து போகிறவன் நின்று படிப்பான்.

யார்டுப் பெண்ணின் பெயர் நஸ்ரின். கழுத்தில் அட்டை, காலில் ஷூ, வெயிலில் அவளும் பாவம். வந்தவுடன் அங்கிள் என்றாள். நான் யாருக்கும் அங்கிள் இல்லையம்மா என்றேன். உடனே சார் என்றாள். அது அதைவிட மோசம். சார் என்று ஒருவனைக் கூப்பிடவும் கூடாது, கூப்பிட விடவும் கூடாது என்று முப்பது வருஷம் சொன்னவன். ஜென்னி, வண்டிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுக்காமல், "தாத்தான்னு மட்டும் சொல்லிடாதீங்க, இன்னிக்கு பூரா உங்களுக்கு வகுப்பு எடுப்பார்" என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, அதிலிருந்து என்னை எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் சமாளிக்கிறாள். நீல வண்டியில் ஏறிப் பார்க்கச் சொன்னார்கள். ஏறினேன். சீட் பள்ளத்தில் இருந்தது, முட்டி மடங்கி மார்புக்கு வந்தது, இறங்கும்போது இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள், கிணற்றில் விழுந்தவனைத் தூக்குகிற மாதிரி. ஜென்னி உடனே அடுத்ததற்குப் போய்விட்டாள். வெள்ளி நிற வண்டி கேஸில் ஓடுகிறது, செலவு பாதி, அதுதான் அவளுக்கு ஆசை என்று முகத்தில் தெரிந்தது. டிக்கியைத் திறந்தால் உள்ளே முழுக்க சிலிண்டர். என் வாக்கரைத் தூக்கி வைத்துப் பார்த்தார்கள், மூடி மூடவில்லை. வாக்கரைப் பின்சீட்டில் போட்டுக்கலாம்மா என்றேன். "அப்ப நீங்க எங்க உக்காருவீங்க" என்றாள். சின்ன வண்டிகளை வீட்டிலேயே தள்ளிவிட்டாள், அவற்றுக்கு டிக்கி என்று ஒன்று பெயருக்குத்தான் இருக்கிறது. உயரமான வண்டிகளையும் தள்ளிவிட்டாள், நான் கால் தூக்கி வைக்க முடியாது. மைலேஜ் வேண்டும், டிக்கி வேண்டும், கிழவன் முட்டிக்குத் தகுந்த சீட் வேண்டும். தினம் கிண்டிக்குப் போய் வருகிறவள் அவள், எல்லா அளவும் என்னை வைத்து எடுக்கிறாள். இதை நினைத்தால் சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. தைக்கக் கொடுக்கிற துணி மாதிரி இருக்கிறது.

அந்த வெள்ளை வண்டியை நான் வந்தவுடனே பார்த்துவிட்டேன். கடைசி வரிசையில், வேப்ப மரத்துக்கு அடியில். முகப்பில் கம்பெனியின் சின்னம். அந்தக் கம்பெனியின் பெயரை நான் சொல்வதில்லை, பதினேழு வருஷமாக வாயில் எடுப்பதில்லை, அந்தச் சின்னம் தெரிந்தால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நடப்பேன். அங்கேதான் கதவு லைனில் எனக்கு வேலை. ரப்பர் வைப்பேன், கதவை மாட்டுவேன், சாத்திப் பார்ப்பேன். ஒரு ஷிஃப்டில் காதுக்குள் கதவு சாத்துகிற சத்தம் மட்டும்தான் இருக்கும். சங்கம் வைத்தோம், சில வருஷம் கழித்துக் கம்பெனிக்காரன் கதவடைப்பு செய்தான், நாற்பது சொச்சம் பேரை வெளியே தள்ளினான். அன்றைக்கு உச்சி வெயிலில், சாத்திய கேட்டைப் பார்த்துக் கையை நீட்டி, நான் சொல்லச் சொல்ல எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள்: நம்மில் கடைசி ஒருவன் உள்ளே போகும்வரை இந்தக் கம்பெனி வண்டியில் நம் கால் படாது. காசு கொடுத்தாலும் படாது, சும்மா கொடுத்தாலும் படாது. நான் எழுதினது. கால் படாது என்பதை எழுத எனக்கு ஒரு ராத்திரி பிடித்தது. முதலில் ஏற மாட்டோம் என்று எழுதி அடித்தேன். ஏற மாட்டோம் என்றால் வீட்டுப் பிள்ளை அடம்பிடிக்கிற மாதிரி இருக்கிறது. கால் படாது என்றால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. எவனும் உள்ளே போகவில்லை. கேஸ் நடந்தது, வக்கீல் மாறினார், ஜட்ஜ் மாறினார், சிலர் கணக்கை வாங்கிக்கொண்டார்கள், சிலர் செத்தார்கள். எந்தக் கல்யாணத்துக்கு வாடகைக் கார் வந்தாலும் நான் முன்னால் போய்ச் சின்னத்தைப் பார்ப்பேன். அதுவாக இருந்தால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுவேன். ஊரில் இதற்காகவே என்னைப் பைத்தியக்காரன் என்பார்கள், மரியாதையாக.

ஜென்னி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இத்தனை வண்டிகளையும் சுற்றிச் சுற்றி வந்தவள், வேப்ப மரத்துப் பக்கம் மட்டும் கண்ணைத் திருப்பவில்லை. ஒருவர் ஒன்றைப் பார்க்காமல் இருப்பதற்கும் பார்க்காத மாதிரி இருப்பதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். கேட்டில் கருங்காலிகள் எங்களைக் கடந்து உள்ளே போனபோது அப்படித்தான் போனார்கள், செருப்பைப் பார்த்துக்கொண்டு. என் மகளைப் போய் யாரோடு சேர்க்கிறேன். வெயில்தான். தண்ணீர் குடித்தேன், பாட்டில் தண்ணீர் வெந்நீராக இருந்தது. சாம்பல் நிறத்தில் ஒன்று, டீசல், வயசானது, வேண்டாம். பிறகு ஒன்று, சீட் நன்றாக இருந்தது, டிக்கி பெரிசு, குடிக்கிற எண்ணெய் கட்டுப்படியாகாது. அப்போதுதான் நஸ்ரின் கையைத் துடைத்துக்கொண்டு வேப்ப மரத்தைக் காட்டிச் சொன்னாள், "மேடம், நீங்க போன்ல சொல்லி வெக்கச் சொன்ன வண்டி அதான். தொடச்சு வெச்சிருக்கேன். அதைப் பாத்துடலாமா?" ஜென்னி என்னைத் திரும்பிப் பார்த்தாள். போனில் சொல்லி வைத்திருக்கிறாள். இவ்வளவு நேரம் நீலத்தையும் வெள்ளியையும் சாம்பலையும் காட்டியது ஊர்வலத்துக்கு முன்னால் விடுகிற பேண்டு வாத்தியம். ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று தெரியவில்லை, உனக்கு வேறு வண்டியே கிடைக்கவில்லையா என்பது மாதிரி. அவள் சத்தம் போடவில்லை, என் வாக்கரை எடுத்து என் முன்னால் வைத்தாள். "பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்கப்பா. வேணாம்னா விட்டுடறேன்." விட்டுவிடுவாள். அதுதான் பயம். வாதாடினால் நான் ஜெயிப்பேன், எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. அவள் வாதாட மாட்டாள். சரிப்பா என்று சொல்லிவிட்டு நாளைக்குக் காலையில் பர்ரென்று அந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவாள்.

எழுந்து போனேன். வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் போனேன், நின்றுகொண்டு சொல்ல வேண்டும் என்று. முகப்பைப் பார்க்கப் பிடிக்காமல் வண்டியின் பின்பக்கமாகச் சுற்றினேன். ஜல்லியில் வாக்கர் சறுக்கிச் சறுக்கி நின்றது. பின்கண்ணாடியில் வெயில் விழுந்திருந்தது. யாரோ ஸ்டிக்கரை உரித்திருக்கிறார்கள். எல்லோரும் ஒட்டுகிறார்களே, பிள்ளைகள் பெயர், பின்கண்ணாடியில், வளைத்து வளைத்து. உரித்தாலும் பசை இருந்த இடம் கண்ணாடியில் மங்கலாக நிற்கிறது. கல்யாண வீட்டுக் கோலம் மறுநாள் தெரிகிற மாதிரி. தலையைச் சாய்த்தால் தெரிகிறது, நிமிர்ந்தால் போய்விடுகிறது. சாய்த்தேன். எழுகதிர். அதற்குக் கீழே, விடியல். மறுபடி படித்தேன், எழுத்துக் கூட்டி, ஆறாவது படிக்கிற பையன் மாதிரி. எழுகதிர் என்று ஒரு பிள்ளைதான் இந்த உலகத்தில் இருக்கிறான். எனக்குத் தெரியும், நான் வைத்த பெயர். சங்கத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் தலைவர்தான் பெயர் வைக்க வேண்டும் என்று ஒரு பழக்கம். கேட் மீட்டிங்கில் பச்சைக் குழந்தையைக் கையில் வாங்கி, மைக்கில் மூன்று தடவை சொல்வேன், கூட்டம் கை தட்டும், குழந்தை வீறிட்டு அழும். கதிரவன் வெச்சிடுங்க தலைவரே, கூப்பிட சுளுவா இருக்கும் என்றான் சிகாமணி. கதிரவன் சும்மா மேலே இருப்பான்டா, இவன் எழணும் என்றேன். எழுகதிர். அடுத்தது பெண் பிறந்தபோது சிகாமணி கேட்கவே இல்லை, குழந்தையை நீட்டினான், அவ்வளவுதான். விடியல்.

சிகாமணியின் வண்டி. கதவு லைனில் எனக்கு எதிரே நின்றவன், என்னைவிட ரொம்பச் சின்னவன், பதினேழு வருஷமும் என்னை விட்டுப் போகாதவன். வெளியே தள்ளின பிறகு ஷேர் ஆட்டோ ஓட்டினான், பால் ஏஜென்சி எடுத்தான், கொஞ்சம் நிமிர்ந்தான். மே தினத்துக்கு வருவான், என் பிறந்த நாளுக்கு வருவான், எனக்கே நினைவில்லாத நாளுக்கெல்லாம் வருவான். ஒவ்வொரு தடவையும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே நுழைவான். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன் தலைவரே, ஃபேனைப் போடும்மா ஜென்னி. எனக்கு அவன் சட்டை கண்ணில் படும். இஸ்திரி கலையாத சட்டை. செங்குன்றத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவன் சட்டை எப்படிடா கசங்காமல் இருக்கிறது, நின்றுகொண்டே வந்தாயா என்று கேட்டிருக்கிறேன். ஆமா தலைவரே, பெரியவங்களுக்கு சீட்டைக் குடுத்துடறேன் என்பான். அதையும் நம்பி, பார், இவன்தான் தொழிலாளி என்று பெருமைப்பட்டேன். மாசியில் செத்துப்போனான், தூக்கத்தில். சாவுக்குப் போனேன். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் காலி மனையில் ஏதோ ஒன்றைத் தார்ப்பாயால் மூடி, நாலு பக்கமும் செங்கல் வைத்திருந்தார்கள். பந்தல் சாமான் என்று நினைத்தேன். நான் ஆட்டோவில் போய் இறங்கியபோது எழுகதிர் அந்தப் பக்கமிருந்துதான் ஓடி வந்தான், கையெல்லாம் செங்கல் தூசு, அந்தக் கையைக் கழுவக்கூட நேரமில்லாமல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அப்பா செத்துக் கிடக்கிறான், பிள்ளை ஓடிப்போய்க் காரை மூடுகிறான். யாருக்காக. தலைவர் வருகிறார் என்று.

"தேவகி அத்தைதான் இங்க விக்கக் குடுத்திருக்காங்க" என்றாள் ஜென்னி. தேவகி சிகாமணியின் மனைவி. எனக்குப் பின்னால் எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. வேறு யாருக்கோ போவதற்குப் பதில் நாம் எடுத்தால் அவர்களுக்கும் மனசு ஆறும், வண்டியும் ஒரே கையில் இருந்தது, மாமா சொந்தப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார், என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள், விண்ணப்பம் கொடுக்கிறவள் மாதிரி. நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். நஸ்ரின் சாவி எடுக்கப் போவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டாள். நல்ல பெண், எதையும் விற்கத் தெரிந்தவளுக்கு நகரவும் தெரிந்திருக்கிறது. நான் சொன்னேன், சொல்லத்தான் சொன்னேன், என்ன இருந்தாலும் என் கால் இதில் படாது ஜென்னி, நான் இருக்கும்வரை படாது. அவள் வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "நீங்க இதுல ஏற்கெனவே வந்திருக்கீங்கப்பா."

ஐப்பசியில் பாத்ரூமில் விழுந்தேன். மார்பில் யாரோ ஆணி அடித்த மாதிரி, பிறகு ஒன்றுமில்லை, பிறகு ஆஸ்பத்திரிக் கூரை, வெள்ளை ஃபேன். ஆம்புலன்ஸ் வந்தது என்றார்கள். அரசாங்க ஆம்புலன்ஸ், கூப்பிட்டவுடன் வந்தது என்றார்கள். கட்டிலில் எழுந்து உட்கார முடிந்த அன்றைக்கே நான் பேச ஆரம்பித்தேன்: பார்த்தீர்களா, மக்கள் வரிப்பணம், பொதுச் சொத்து, எந்தத் தனியார் வண்டியையும் நம்பி நான் பிழைக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரனுக்குச் சொன்னேன், நர்ஸுக்குச் சொன்னேன், பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் சொன்னேன். சிகாமணி ஸ்டூலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டே கேட்டான், ஆமா தலைவரே, ஆமா தலைவரே என்று. சுளையில் இருந்த நாரையெல்லாம் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தான். நான் விழுந்த அன்றைக்கு அவன் தற்செயலாக வீட்டுக்கு வந்திருந்தானாம், எழுகதிரும் கூட. ஜென்னி இதை இப்போது சொல்கிறாள், நின்று நின்று, என் முகத்தைப் பார்க்காமல். ஆம்புலன்ஸ் இல்லை, இந்த வண்டிதான், எழுகதிர்தான் ஓட்டினான். அவள் மடியில் என் தலை. சிகாமணி அந்தப் பக்கம் உட்கார்ந்து என் இரண்டு காலையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். "வழியெல்லாம் காலைக் கீழ விடலப்பா. மூச்சு வரலேன்னு நான் கத்தறேன், அவர் காலைப் பிடிச்சுக்கிட்டு, தலைவர் கால் கீழ படலம்மா, படலம்மா, கேட்டா நீ சொல்லுன்றார். ஆஸ்பத்திரி வாசல்ல தூக்கித்தான் எறக்கினாங்க. நீங்க கேக்கவே இல்ல."

நான் எழுதின வாக்கியம். ஒரு ராத்திரி முழுக்க அடித்து அடித்து எழுதினது. அதை இப்படி ஒருவன் தூக்கிப் பிடிப்பான் என்று நான் நினைத்ததில்லை. இரண்டு கையாலும், என் பாதத்தை, பித்தவெடிப்போடு, பாத்ரூம் ஈரத்தோடு. வெயில் வெள்ளையாக இருக்கிறது, கண்ணுக்குள் ஏதோ போயிருக்கிறது, ஹைவேயில் லாரிகள் போகின்றன, ஒவ்வொன்று போகும்போதும் தகரக் கொட்டகை நடுங்குகிறது. சிகாமணி மட்டுமா. மற்றவர்கள் சட்டை எப்படி இருந்தது, நினைத்துப் பார்க்கிறேன். எங்களோடு வெளியே தள்ளின வேலப்பன், அவன் செருப்பில் தூசு இருந்ததில்லை. மே தினத்துக்கு மே தினம் எங்கள் தெரு முனைக்கு அப்பால், தண்ணி டேங்க் பக்கத்தில், கார்களாக நிற்கும். எந்தப் பணக்காரன் வீட்டு விசேஷமோ தெரியவில்லை, மே தினத்தன்று பார்த்து இப்படி வழியை அடைக்கிறான் என்று நான் நகராட்சிக்கு மனு போட்டேன், ஒன்றல்ல, விடாமல். போர்டு வைத்தார்கள். இங்கு வாகனங்களை நிறுத்தக் கூடாது. போராடி வாங்கினதில் கடைசியாக ஜெயித்தது அதுதான் என்று கூட்டத்திலேயே பேசினேன். கூட்டம் என்பது பத்துப் பன்னிரண்டு பேர், என் வீட்டு வராண்டாவில். கை தட்டினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தட்டினார்களே, அதுகூட எனக்குத் தோழமையாகத்தான் பட்டது. எல்லோரும் அங்கே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார்கள், வெயிலில், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. என்னைப் பார்த்துப் பயமா, என் மேல் பிரியமா, இல்லை கிழவனிடம் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான், இதையும் ஏன் பிடுங்க வேண்டும் என்ற இரக்கமா. இரக்கம் என்றால் தாங்காது. பயம் என்றால் பரவாயில்லை. ஆனால் பயந்தவன் ஒருவனுடைய காலை அப்படிப் பிடித்துக்கொண்டு வருவானா.

நஸ்ரின் சாவியோடு வந்து, ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாமா என்று ஜென்னியைத்தான் கேட்டாள், என்னைப் பார்க்கவில்லை. ஜென்னி, "வேணாம் நஸ்ரின், வேற பாப்போம்" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். சொல்லும்போது இடது கை இடுப்புக்குப் போயிற்று. நான் பின்கதவைத் திறந்தேன். திறந்தது யார் என்று எனக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை. சீட் சரியான உயரத்தில் இருந்தது. திரும்பி, இடுப்பை முதலில் உள்ளே வைத்து உட்கார்ந்தேன், கால்கள் இரண்டும் வெளியே ஜல்லியில் இருந்தன. அப்படியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே பால் வாசம், பழைய வெயில் வாசம், கொஞ்சம் சிகாமணி போடும் வெற்றிலை. இந்தக் கதவை நாங்கள் மாட்டவில்லை, எங்களை வெளியே தள்ளின பிறகு வந்த ஒப்பந்தப் பையன்கள் மாட்டியிருப்பார்கள், பெயர் இல்லாத பையன்கள், அவர்களுக்கும் யாரோ ஒருவன் நோட்டீஸ் எழுதிக்கொண்டிருக்கலாம், எழுதாமலும் இருக்கலாம். காலை உள்ளே வைக்க வேண்டும். தூக்க வர ஆள் இல்லை. ஜென்னி குனியப் போனாள், உன் முதுகைக் கெடுத்துக்கொள்ளாதே என்று கையைக் காட்டி நிறுத்தினேன். வலது காலை நானே இரண்டு கையாலும் முட்டிக்குக் கீழே பிடித்துத் தூக்கி, உள்ளே கொண்டுவந்து, மெதுவாக இறக்கினேன். பட்டது. சாதாரண ரப்பர் மேட், சூடாக இருந்தது. இன்னொன்றையும் இறக்கினேன். கதவை நஸ்ரின் சாத்தினாள். நல்ல சத்தம். ஒரே சத்தம், அதிர்வு இல்லாமல். நாங்கள் மாட்டினதைவிட நன்றாகவே மூடுகிறது.

ஜென்னி ஓட்டுகிறாள், நஸ்ரின் பக்கத்தில். ஹைவேயின் சர்வீஸ் ரோட்டில் மெதுவாக. கிளட்ச் லேசாக இருக்கிறது மேடம், டிராஃபிக்கில் கால் வலிக்காது, ஏசி போட்டால் மைலேஜ் கொஞ்சம் குறையும் என்று அந்தப் பெண் தன் வேலையைச் செய்கிறாள். ஜென்னி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். சாய்ந்து. எத்தனையோ நாளாக அவள் எதிலும் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவள் கண் அடிக்கடி என்னிடம் வருகிறது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறேன். என் பக்கத்தில் சீட் காலியாக இருக்கிறது, அவன் உட்கார்ந்திருந்த இடம், சீட் துணி அங்கே கொஞ்சம் பளபளத்திருக்கிறது. அவன் சாவுக்கு நான் பேசினேன். கடைசி வரை உறுதிமொழி காத்தவன் சிகாமணி என்று பேசினேன், குரல் உடைந்து. தேவகி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்போது இருந்ததைவிட இப்போது அது உண்மையாக இருக்கிறது, அதை யாரிடம் போய்ச் சொல்வது.

யார்டுக்குள் திரும்பி வந்து வண்டி நின்றது. என்ஜினை நிறுத்தினதும் வேப்ப மரத்தில் ஒரு காக்கை கத்துவது கேட்டது. எடுத்துக்கோ என்றேன். ஜென்னி திரும்பவில்லை, கண்ணாடியிலேயே பார்த்தாள். "எடுத்துக்கோ. ஆனா நம்ம தெருவுக்குள்ள கொண்டு வராதே."

"பின்ன எங்க நிறுத்தறது?"

"தண்ணி டேங்க் கிட்ட நிறுத்து. நான் ஆஸ்பத்திரிக்குப் போணும்னா அது வரைக்கும் நடந்து வந்துடறேன்."

"வாக்கரைத் தள்ளிக்கிட்டா? அவ்ளோ தூரம்?"

"சிகாமணி நடக்கலையா?"

அவள் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது, அந்த பெல்ட்டின் விளிம்பு சுடிதாருக்கு மேல் தடித்துத் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அங்க போர்டு இருக்கேப்பா. நீங்க வெச்சது" என்றாள். இருக்கட்டும் என்றேன். போர்டு இருக்கத்தான் வேண்டும், போராடி வாங்கினது. இன்னும் சில வாரத்தில் மே தினம். வேலப்பன் வருவான், மற்றவர்களும் வருவார்கள், வரிசையாக நிறுத்திவிட்டு வியர்த்து வழிந்து உள்ளே வருவார்கள், பஸ்ஸில் கூட்டம் தலைவரே என்பார்கள், நானும் கேட்டுக்கொள்வேன், ஃபேனைப் போடச் சொல்வேன். அவர்கள் கண்ணில் இது படக் கூடாது. பின்கண்ணாடியில் அந்தப் பெயர்கள் வேறு, தலையைச் சாய்த்தால் தெரியும். தார்ப்பாய் ஒன்று வாங்க வேண்டும். அன்றைக்கு டேங்க் பக்கம் நெரிசலாகிவிடும், அவர்கள் வருவதற்கு முன்னாலேயே போய் ஓரமாக ஓர் இடம் பிடித்துவிடச் சொல்ல வேண்டும் ஜென்னியிடம்.